என்னுடையதல்லாத நான்கு வரிகள்

இதுவரை ஏழு பேரைக் கொன்றிருக்கிறேன்,
எல்லாரையும் பினாங்குத் தீவுக்குள்ளேயே.
ஒரு சொட்டு ரத்தம் தரைவிரிப்பில் விழ விட்டதில்லை;
கறையெடுக்கும் பாடு எனக்குத் தெரியும்.
பெரும்பாலும் விஷம். ஒருமுறை மாடிப்படி.
எங்கள் அடுக்ககச் செயலாளர்
பராமரிப்புக் கட்டணத்தில் இருபது வெள்ளி ஏற்றிய மாதம்
இரண்டாம் அத்தியாயத்திலேயே போய்ச் சேர்ந்தார்,
மீசை மட்டும் வேறு.
ஆறாம் மாடி மேடம் சியூ மின்தூக்கியில் மறித்துக் கேட்கிறாள்:
என்னை எப்போது சாகடிப்பாய்?
முடி வெட்டிக்கொண்ட வாரமாகப் பார்த்துச் செய்.

என் துப்பறிவாளர் லில்லி தேவசகாயம்
கேம்பல் தெருவில் பொத்தானும் கம்பளி நூலும் விற்பவள்.
கைரேகை படிக்கத் தெரியாது அவளுக்கு.
கைவாகு தெரியும்.
ஒரு பின்னலை விரலால் தடவி
இங்கே இவள் கோபமாக இருந்தாள்,
இங்கே யாரோ கதவைத் தட்டினார்கள் என்பாள்.

எட்டாவது பிணத்தின் மடியில் பாதிப் போர்வை வைத்தேன்.
அதன் கடைசி வரியில்தான் துப்பு.
வலக்கைக்காரி வரி முடிந்ததும் போர்வையைத் திருப்புவாள்.
இடக்கை திருப்பாது,
வந்த வழியே நடந்துவிடும்,
கண்ணிகள் எதிர்ப்பக்கம் சாயும்.

சரிதானா என்று பார்க்க
என் சொந்தப் போர்வையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஐம்பத்தொன்றாம் வரிக்கு மேலே
நான்கு வரிகள் என்னுடையதல்ல.

போன மாதமும் கணக்கு உதைத்தது.
கண்ணாடி மாற்ற வேண்டும் என்று விட்டிருந்தேன்.

சந்தேகத்துக்கு மூன்று பேர்.
வாடகை அறையில் சரவாக்கிலிருந்து வந்த தாதி கிரேஸ்.
செருப்பைக் கழற்றும்போதே தூங்கிவிடுகிறாள்.
மகள் யோகவாணி.
பொத்தான் அறுந்தால் சட்டையை வீசுகிற கட்சி.
மிச்சம் என் வீட்டுக்காரர் சன்னாசி.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம்
பாரந்தூக்கியின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருந்தவர்.
மூவரும் எழுதுவது வலக்கையால்.

ஒரு வாரம் லில்லியாக இருந்து பார்த்தேன்.
குழாயைத் திறந்தது இடக்கை.
தீக்குச்சி உரசியதும்,
தூக்கக் கலக்கத்தில் கொசுவை அடித்ததும்.
மூன்றாம் வகுப்பில் கணக்கு வாத்தியார்
மர ஸ்கேலின் விளிம்பால் அந்த முட்டிகளை
எப்படி வலப்பக்கம் மாற்றினார் என்பதை
ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்,
சிரித்துக்கொண்டு,
நான் ரசத்தைத் தாளித்துக்கொண்டிருந்தபோது.

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது.
உடம்பு இன்னும் இரவு ஷிப்டில் இருக்கிறது.
மூன்று மணிக்குக் கூடத்தில் வெளிச்சம்.
லைட்ட அணைக்க மறந்துட்டேன் என்பார் காலையில்.

பத்தொன்பதாம் அத்தியாயம் ஏற்கெனவே எழுதி முடித்தது.
லில்லி எல்லாரையும் கடைக்கு வரவழைக்கிறாள்,
நூல் கண்டுகளுக்கு நடுவே உட்கார வைக்கிறாள்,
பிறகு அந்த அமைதியான மனிதனின் இடக்கையைக் காட்டுகிறாள்.
மறுபடி படித்தேன்.
பன்னிரண்டு பக்கம். நல்ல பக்கங்கள்.
அழித்தேன்.
தீபாவளிக்குள் வேண்டும் என்கிறார் பதிப்பாளர்.
வேறொரு கொலைகாரன் வேண்டும்.
செயலாளருக்கு ஒரு தம்பி இருந்தால் என்ன
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புத்தகத்தில் யாரையும் தப்பிக்க விட்டதில்லை நான்.
வீட்டில் யாரையும் கூட்டி உட்கார வைக்கவில்லை.
நேற்றிரவு என் வரியை இடது ஓரத்தில் முடித்து,
திருப்பாமல்,
நாற்காலிக் கையில் போட்டுவிட்டுப் படுத்தேன்.
பக்கத்தில் புதிதாக ஒரு கொக்கி,
தடித்த பிடி, ஆண்விரலுக்கு வாகாக,
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
கண்ணிக்குக் கண்ணி.

காலையில் கோப்பி கலக்கியபடி கேட்டார்:
ஒன் கதையில யாருதான் கொன்னது?
இன்னும் தெரியல என்றேன்.
ம் என்றார், டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்,
எந்தக் கையால் என்று நான் பார்க்கவில்லை.

கொக்கி வைத்த இடத்தில்தான் இருந்தது.
விலைச்சீட்டைக் காணோம்.